ஐஸ் ரூமில் ஒரு டிராக்டர்

…அதுவும் இன்றைக்கென்று பார்த்தா இந்த ஜாக்கெட்டின் ஜிப் சிக்கவேண்டும், பாதிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது, பத்துப் பேர் மாட்டிக் கழற்றின ஜாக்கெட், பத்துப் பேர் வியர்வையும் இதில் ஊறிக் காய்ந்து கிடக்கிறது, ஒருநாள் துவைத்துப் போடலாமே என்று ஒருவனுக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். விடிந்தும் விடியாமலும் கழுத்து கசகசக்கிற கும்மிடிப்பூண்டியில் இதைப் போட்டுக்கொண்டு கையுறையோடு நிற்கிறவனைப் புதிதாக யாராவது பார்த்தால் முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். இந்தக் கனத்த கதவைத் திறந்து உள்ளே வந்தால் தெரியும் சேதி. உள்ளே மைனஸ் இருபது. ஐஸ் ரூம் என்போம். எங்கள் கம்பெனி டிராக்டர் பனி கொட்டுகிற நாடுகளுக்கும் கப்பல் ஏறுகிறது, அங்கே போய்க் கிளம்பாமல் நின்றால் மானம் போகும் அல்லவா, அதனால் முந்தின நாள் சாயங்காலமே ஒரு வண்டியை இதற்குள் தள்ளி, ராவெல்லாம் உறையவிட்டு, காலையில் ஒருத்தன் உள்ளே போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவேண்டும். மூன்று தடவை செல்ஃப் அடிக்கலாம். மூன்றிலும் கிளம்பாவிட்டால் வண்டி பெயில், கோளாறு பார்த்து மறுபடி ஒரு ராத்திரி உறையவைக்கவேண்டும். அந்த ஒருத்தன் நான், ஜெயராஜ், ஆரம்பாக்கத்துக்காரன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு குணா, புதுவாயல்காரன், மார்கழி பிறந்துவிட்டது என்று மங்கிக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வெளியே என்னமோ பனிமலை மாதிரி, வெட்கமே இல்லை. மைக்கில் "ண்ணா, சீக்கிரம் முட்சிட்டு வா, நாஷ்டாவுக்கு இன்னிக்கு பொங்கலாம்" என்கிறான். பொங்கலாம். நாஷ்டா பெல் அடித்ததும் நான் லாக்கரிலிருந்து போனை எடுத்து ஏஞ்சலுக்குப் பதில் சொல்லவேண்டும், ஒரு ரூமா, ரெண்டு ரூமா.

ஏஞ்சல் என் மனைவி, நர்ஸ், கனடாவில் இருக்கிறாள், பாப்பா ஸ்நேகாவும் அவளோடு. போய் ரெண்டு வருஷம் முடியப்போகிறது. நேற்று இதே நேரம், அங்கே அவளுக்கு ராத்திரி, போனில் சொன்னாள், "இந்த ஊட்ட விக்கறாங்க, வேற பாத்துகினு இருக்கேன், ரெண்டு ஊடு கைவசம் இருக்குது. ஒண்ணு ஒரு ரூமு, எனக்கும் பாப்பாவுக்கும் அது போதும். இன்னொண்ணு ரெண்டு ரூமு. நாளைக்குள்ள சொல்லணும். நீங்க வர்றீங்களா இல்லியா? வர்றதுன்னா ரெண்டு ரூம் எடுக்கறேன். வழவழ கொழகொழன்னு பேசாம தெளிவா சொல்லுங்க." நான் என்ன சொன்னேன், கம்பெனியில் ஆடிட் வருகிறது என்றேன். எவளாவது புருஷனைக் கேட்டதற்கு ஆடிட் வருகிறது என்று பதில் வாங்கியிருப்பாளா? அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்துவிட்டு, "நாளைக்கு சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். ராத்திரி முழுக்க நானும் இந்த டிராக்டர் மாதிரிதான் விறைத்துக் கிடந்தேன், இது ரூமுக்குள், நான் வீட்டுக்குள்.

ஏறி உட்கார்ந்தாயிற்று. சீட்டின் குளிர் பேன்ட்டைத் தாண்டி அப்படியே எலும்புக்குப் போகிறது, முதல் மூச்சிலேயே மூக்கு முடி விறைத்துக்கொள்ளும், கண்ணில் தண்ணீர் முட்டும், அழுகை இல்லை, குளிர்தான், குணா கேட்டால் அப்படித்தான் சொல்வேன். சுவரெல்லாம் பொருக்குப் பொருக்காக வெள்ளை, மேலே ஃபேன் உறுமிக்கொண்டே இருக்கிறது, வண்டியின் மூக்கிலும் வயிற்றிலும் குணா ஒட்டிவைத்த ஒயர்கள் ஆஸ்பத்திரி நோயாளிக்குத் தொங்குகிற மாதிரி தொங்குகின்றன. கிளட்சை மிதி. மிதித்தால் கிளட்ச் வேண்டாவெறுப்பாக இறங்குகிறது, கியர் பெட்டியில் ஆயில் எல்லாம் களியாகியிருக்கும். சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பு, ஹீட்டர் லைட் எரியும், ஆரஞ்சுக் கலரில் சுருள் படம், எஞ்சினுக்குள் சூடு ஏறுகிறது என்று அர்த்தம், அது தானாக அணையும்வரை சாவியை மேலே திருப்பக்கூடாது. காத்திருக்கவேண்டும். இந்தக் காத்திருப்புதான் எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் வராது. எங்கள் பக்கம் டிராக்டரில் இப்படி ஒரு கட்டம் சாவியில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, ஏறினோமா, ஆக்ஸிலேட்டரை முழுக்க இழுத்தோமா, செல்ஃபை அடித்தோமா, அடிக்கிற வெயிலில் வண்டி தொட்டதும் கிளம்பும், மார்கழியில் கொஞ்சம் முரண்டு பிடித்தால் ரெண்டு வசவு, ஒரு சொம்பு வெந்நீர். நைனா அப்படித்தான். ரெட்டியாருக்கு ஏர் ஓட்டின வீட்டில் பிறந்து அதே ரெட்டியாரின் டிராக்டரை ஓட்டிச் செத்தவர், "வண்டிகிட்ட இன்னாடா கெஞ்சிகினு, ஒரே அடி, எந்திரிக்கணும்" என்பார், வண்டிக்கும் அதே, எனக்கும் அதே. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் ஒரே அடி அடித்து ஒரு செல்ஃப் மோட்டாரைப் புகைய வைத்திருக்கிறேன். லைட் அணைந்தது. திருப்பினேன். …உர்… உர்… உர்… பாறையை உருட்டுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றும், குணா மைக்கில் எண்ணுகிறான், பைப்பில் வெள்ளையாக ஒரு இழை புகை, அவ்வளவுதான், "நிறுத்துண்ணா நிறுத்து" என்கிறான், நிறுத்தினேன். ஒன்று போச்சு.

அடுத்ததற்கு முன் பேட்டரி மூச்சுவாங்க இடைவெளி விடவேண்டும். வெளியே வந்து நிற்கலாம், எல்லோரும் வருவார்கள், நான் வருவதில்லை, சீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். "இவன் ஒரு கல்லுடா" என்பார்கள். சொல்லட்டும். வாயிலிருந்து புகை புகையாக வருகிறது, பாப்பா முதல் குளிரில் வீடியோவில் இதைத்தான் காட்டினாள், "அப்பா பாருப்பா, நான் பீடி குடிக்கறேன்" என்று ஊதி ஊதிக் காட்டினாள், ஏஞ்சல் பின்னாலிருந்து அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள், மூன்று பேரும் அவ்வளவு சிரித்தோம், நான் இங்கே கைலியோடு ஃபேனுக்கடியில், அவர்கள் அங்கே பஞ்சுமூட்டை மாதிரி. அப்போதெல்லாம் ஏஞ்சல் தினமும் அழுவாள். "வந்துடுங்க, என்னால முடியல, கையெல்லாம் வெடிக்குது, இந்த பஸ் ஸ்டாப்ல நின்னா செத்துருவேன் போலக்குது" என்பாள். நான் தைரியம் சொல்வேன். தூரத்திலிருந்து தைரியம் சொல்வதைப் போல சுலபமான வேலை உலகத்தில் உண்டா? ஆறு மாசம் பொறு என்றேன், பர்மனென்ட் ஆகிவிடும் என்றேன். ஆகிவிட்டது. கான்ட்ராக்டில் அத்தனை வருஷம் நாயாகத் திரிந்தவனுக்கு பர்மனென்ட் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், அவள் அப்பாவும் இதே சிப்காட்டில்தான் கரி அள்ளினார். அப்புறம் வீட்டுக்குப் பூச்சுவேலை முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது, வெள்ளையடித்து ஜம்மென்று இருக்கிறது, உள்ளே இருக்கத்தான் ஆளில்லை. அழுகை எந்த மாசத்தில் நின்றது? யோசித்துப் பார்த்தால் ஞாபகமே வரவில்லை… நின்றதும் தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா கேட்டாள், "அப்பா, உங்க ஊர்ல இப்ப மழையா?" என்று. உங்க ஊர். நான் மழைதான்மா என்றேன். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ண்ணா, டைமு. ரெண்டாவது." சரி. கிளட்ச். சாவி. அங்கே போய் நான் என்னவாக இருப்பேன், அதுதானே சங்கதி, குளிர் குளிர் என்று சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏஞ்சலோடு வேலை செய்கிற சாலியின் புருஷன் கோட்டயத்தில் பேங்க் மேனேஜராக இருந்தவனாம், அங்கே கோடவுனில் அட்டைப்பெட்டி அடுக்குகிறானாம், ஏஞ்சல் சாதாரணமாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது. இங்கே ஜெயராஜ் என்றால் ஐஸ் ரூம் ஜெயராஜ், வெளிநாட்டுக்காரன் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தால் என்னைத்தான் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அங்கே? நர்ஸம்மா வீட்டுக்காரர். காலையில் அவள் டியூட்டிக்குப் போவாள், பாப்பா பள்ளிக்கூடம் போவாள், நான் வீட்டில் குந்திக்கொண்டு அந்த ஊர் சுவிட்சு எது எதற்கு என்று தெரியாமல்… நைனா உயிரோடிருந்தால் பொண்டாட்டி சம்பாத்தியத்தில் திங்கப்போகிறாயா என்று கேட்டிருப்பார். கேட்டிருப்பாரா, இல்லை, நானே அவர் வாயில் போட்டுக் கேட்டுக்கொள்கிறேனா… உர்… உர்ர்… ஐயோ, லைட்! லைட் அணையவே இல்லை, நான் பாட்டுக்கு செல்ஃபை அடித்துக்கொண்டிருக்கிறேன், நைனா அடிக்கிற மாதிரி ஒரே அடி! ஒரு தடவை இருமிற்று, இரண்டாவது இருமல் வரப்போகிறது என்று நினைத்தேன், வரவில்லை. "இன்னாண்ணா நீயே இப்டி பண்ற? ஹீட்டர் எரிஞ்சிகினே இருக்கு, நீ திருப்பிட்டியே!" "தெரியுதுடா." "தூக்கமா? வெளிய வா, பெயில்னு போட்டுட்டு நாளைக்குப் பாத்துக்கலாம், பேட்டரி தொங்கிட்டு இருக்கு." "இன்னும் ஒண்ணு இருக்குதில்ல, இரு." "பேஜாரு புட்சவன்யா நீ" என்று மைக்கை அணைக்க மறந்து முனகுகிறான். அவனுக்கென்ன, அவனுக்கு வீட்டில் திட்ட ஆள் இருக்கிறது, நாஷ்டாவுக்குள் நாலு போன் வரும்.

விரல் நுனி முதலில் எரியும், அப்புறம் குத்தும், அப்புறம் ஒன்றுமே தெரியாது, அந்த ஒன்றும் தெரியாத கட்டம்தான் பயம். ஒரு கையுறையைக் கழற்றி ஸ்டியரிங்கில் வெறும் விரலை வைக்கிறேன், இரும்பு தோலைப் பிடித்து இழுக்கிறது. குணா பார்க்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் கும்பிடு போட்டு ஒதுங்குகிற இந்த வேலையை நான் கேட்டு வாங்குவது எதற்கு என்று சூப்பர்வைசர் ஒருதடவை கேட்டார், அலவன்ஸுக்காக சார் என்றேன். அலவன்ஸும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. பழகிப் பார்க்கிறேன். ரெண்டு வருஷமாக வாரத்தில் ரெண்டு நாளோ மூன்று நாளோ இங்கே உட்கார்ந்து அந்த ஊர்க் குளிரைப் பழகிப் பார்க்கிறேன், இன்றைக்கு இவ்வளவு நேரம் தாங்கினேன், நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்று. போகமாட்டேன் என்று வாய் ஒருபக்கம் சொல்லிக்கொண்டிருக்க, உடம்பு இன்னொரு பக்கம் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறது, இப்படியும் ஒரு கிறுக்கன் இருப்பானா? அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாளோ என்று கூச்சம். கதவு பக்கத்திலேயே இருக்கிறது, நினைத்தால் எழுந்து வெளியே போய் வெயிலில் நிற்பேன், அவள் எந்தக் கதவைத் திறந்து எந்த வெயிலுக்குப் போவாள், ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் சோற்றுப் பை, பஸ் வரும்வரை நிற்கத்தானே வேண்டும். நிற்கிறாள். ரெண்டு குளிர்காலம் நின்றுவிட்டாள். நான் இங்கே சீட்டில் உட்கார்ந்துகொண்டு கல்லு என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கிறேன், தூ. அட்டைப்பெட்டிதானே, அடுக்கினால் என்ன, அடுக்குவோம். சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கிப் பரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு போய், மனுஷக் குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு, அது யாருக்கோ செய்தி படிக்க, நான் சுவரைப் பார்த்துத் தின்கிறேனே, அதைவிடவா கேவலம்? தெருவில் "இன்னா கனடா மாப்ள, எப்போ பிளைட்டு?" என்று கேட்கிறவர்களும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. நேற்று குணாகூடச் சொன்னான், "ஆறுன கஞ்சி பழங்கஞ்சிண்ணா, போறதுன்னா போய்டு" என்று. போகிறேன். ரெண்டு ரூம் எடு என்று சொல்லப்போகிறேன்.

கையுறையை மாட்டினேன். கிளட்ச், அடிவரை. சாவி, முதல் கட்டம். ஆரஞ்சு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெதையும் நினைக்கவில்லை, நினைத்தேன், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. எரிகிறது… எரிகிறது… இவ்வளவு நேரமா எரியும்? அணைந்தது. திருப்பினேன். உர்… உர்… செத்த குரலில் சுற்றுகிறது, பேட்டரியில் உயிரில்லை, குணா எண்ணுவதையும் நிறுத்திவிட்டான், உர்… டக்… ஒரு உதறல், வண்டி முழுக்க ஒரு உதறல், டக் டக்… விடாதே விடாதே என்கிறேன் வாய்விட்டு, ஒரு சிலிண்டர் பிடித்தது, ரெண்டாவது பிடித்தது, நொண்டி நொண்டி, டுடுக் டுடுக் என்று, வெள்ளைப் புகை குழாயை நிறைத்துக்கொண்டு போகிறது, மூன்றாவதும் பிடித்து ஒரே சீராகக் கத்த ஆரம்பித்ததும் அந்த ரூமே அதிர்ந்தது, சுவரிலிருந்த பொருக்கு கொஞ்சம் என் தோளில் விழுந்தது. "ஆங்! அதுதான் எங்க அண்ணன்!" என்று குணா கண்ணாடிக்கு அப்பால் குல்லாவைக் கழற்றி ஆட்டுகிறான். நானும் கையை ஆட்டினேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை, ஏஞ்சலிடம் இதையும் சொல்லவேண்டும், இன்றைக்காவது முழுசாகச் சொல்லவேண்டும், ஐஸ் ரூமில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை எல்லாம்.

பெல் அடித்ததும் எல்லோரும் பொங்கலுக்கு ஓட, நான் கேன்டீனுக்குப் பின்னால் பழைய டயர் போட்டிருக்கிற இடத்துக்குப் போனேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும், ஜாக்கெட்டைக் கழற்றக்கூட இல்லை, வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை, மூன்று தடவை அழுத்தித்தான் போன் திறந்தது. ரெண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். தண்ணீர்க் குழாய் சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவுகிறாள் போல. சுற்றி வளைத்தால் மறுபடி ஆடிட்டில் போய் நிற்பேன் என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு ரூம் ஊட்டையே எடு ஏஞ்சலு. நான் வரேன்" என்றேன். குழாய் நின்றது. அழுவாள் என்று நினைத்தேன், நெஜமாவா என்பாள், பாப்பாவைக் கூப்பிட்டுக் கத்துவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. லைன் போய்விட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "கேக்குதா?" "கேக்குதுங்க." "இன்னா, சத்தத்தையே காணோம்?" "இல்ல… நீங்க வரமாட்டேன்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சாயங்காலம் நானும் பாப்பாவும் போயி அந்த ஒரு ரூம் ஊட்ட இன்னொரு வாட்டி பாத்துட்டு வந்தோம். ஜன்னல் ஓரமா பாப்பா அவ கட்டிலுக்கு எடம்கூட புட்ச்சி வெச்சிட்டா…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அப்புறம், "பரவால்ல, அவகிட்ட நான் சொல்லிக்கறேன். நல்லதுதான், வாங்க" என்றாள். நன்றாகத்தான் சொன்னாள், குரலில் ஒரு குறையும் இல்லை, டியூட்டியில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு இதமாகச் சொன்னாள். எனக்கு முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ரெண்டு வருஷம், போவதா வேண்டாமா, போவதா வேண்டாமா என்று எனக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தேன், பதில் என் மடியில்தான் இருக்கிறது, அவள் அதற்காக வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள் என்று… நான் வரட்டுமா என்று அவளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்டதில்லை. இப்போது கேட்கலாம். வாயைத் திறந்தேன். ஏஞ்சலுக்குப் பொய் சொல்ல வராது, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். "எப்போ வர்றீங்க?" என்றாள். "பாத்து சொல்றேன்" என்றேன்.